முதல் நாள் அடக்கம்

ஜூன் 2

காலையில் வெறும் வயிற்றில் 168. மூன்று இட்லி, தக்காளிச் சட்னி. சர்க்கரை போடாத காப்பி, அதாவது காப்பி மாதிரி ஒன்று.

டாக்டரம்மா சொன்னபடி எழுத ஆரம்பித்துவிட்டேன். "சுகர் எவ்வளவு, என்ன சாப்பிட்டீங்கன்னு தேதி போட்டு எழுதிட்டு வாங்க. மனசுல இருக்கிறதையும் ரெண்டு வரி எழுதுங்க, பிரஷருக்கு நல்லது" என்றார். எண்களை மட்டும் தனித்தாளில் எழுதி அவரிடம் காட்டிக்கொள்ளலாம். மனதில் இருப்பதை யாருக்கும் காட்டுவதாக இல்லை.

பெயர் கோமதிநாயகம், வயது நாற்பத்தேழு. சங்கரன்கோவிலில் வாடகைப் பாத்திரக் கடை. அப்பா ஆரம்பித்தது. கல்யாணமோ, சடங்கோ, பதினாறாம் நாளோ, எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் அடுப்புப் புகைந்தாலும் அண்டாவும் தேக்சாவும் என் கடையிலிருந்துதான் போகும். மகள் கல்யாணி திருநெல்வேலியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மனைவி ஆவுடையம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவியாளர்.

ஆவுடை போன வருடம் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதினாள். நான்கு பாடம் தேறிவிட்டாள். கணக்கில் 29. தேற 35 வேண்டும். ஜூலை 3 மறுபடியும் எழுதுகிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை காலியாகிறது. பத்தாவது தேறியிருக்க வேண்டும், நாற்பது வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. ஆவுடைக்கு செப்டம்பரில் நாற்பது முடிகிறது. ஆகஸ்ட் 14க்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான்.

இன்று பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. வரும்போது கை முழுக்க மஞ்சள் பொடி வாசனை. சாம்பார் அவள்தான் வைத்தாளாம், ஆனால் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவள் வேறு. அதைச் சொல்லிச் சிரித்தாள்.

ஜூன் 5

151. கம்பங்கூழ். முகூர்த்த நாள். நிற்க நேரமில்லை.

ஜூன் 8, ஞாயிறு

160. மத்தியானம் சோறு கொஞ்சம் கூடிவிட்டது.

ஞாயிறுதோறும் அவள் பள்ளிக்கூடத்து எஸ்தர் டீச்சர் வீட்டுக்குப் போய் ஆவுடை கணக்குப் படித்துவிட்டு வருகிறாள். இன்று திரும்பி வந்ததும் வீட்டுக்குப் போகாமல் கடைக்கு வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த தேக்சாவின் மேல் உட்கார்ந்து நோட்டை விரித்தாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

"ஏளா, இது என்ன கணக்கு?"

"வாடகைக் கணக்குங்க. நம்ம கடைக்குன்னே எழுதின மாதிரி இருக்கு, வாசிக்கட்டுமா?"

வாசித்தாள். ஒரு கடையில் சமையல் பாத்திரங்களை வாடகைக்கு எடுக்க நிலையான கட்டணம் 400 ரூபாய். அதனுடன் நாளொன்றுக்கு 250 ரூபாய். x நாள்களுக்கு மொத்தச் செலவு y எனில், அதற்கான நேரிய சமன்பாட்டை எழுதுக.

அவள் போட்டிருந்தது: y = 250x + 400.

"தப்பு" என்றேன்.

"டீச்சர் அப்படித்தான் போட்டுக் காட்டுனாவ."

"ஒங்க டீச்சர் என்னைக்காவது அண்டா வாடகைக்கு எடுத்திருக்காவளா? முதநாள் அடக்கம்லா?"

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு பெரிதாகச் சிரித்தாள். "ஆமாலா! நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன்!"

எங்கள் கடை வழக்கம் அது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் பாத்திரம் எடுத்துப் போவார்கள். அன்று அதில் யாரும் சமைப்பதில்லை, மண்டபத்து மூலையில் கிடக்கும். அதனால் நிலைக் கட்டணமாக வாங்கும் ஏற்றுக்கூலியிலேயே முதல் நாளும் அடக்கம், மறுநாளிலிருந்துதான் நாள் வாடகை. அப்பா வைத்த வழக்கம். அதை விட்டால் ஒரு ஆள் நம் கடைக்கு வரமாட்டான்.

அப்படியென்றால் x நாளைக்கு, ஒரு நாள் போக மீதிக்குத்தானே வாடகை? பேனாவை வாங்கி அவள் நோட்டிலேயே எழுதிக் காட்டினேன்: y = 250(x − 1) + 400. மூன்று நாளைக்கு 900. கடையில் மூன்று நாளைக்கு அப்படித்தான் வாங்குகிறோம். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் வருது. டீச்சர் நம்ம கடைக்கு வந்தா இன்னும் நல்லா நடத்துவாவ" என்றாள்.

எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வருடமாக இந்த வீட்டில் எஸ்தர் டீச்சர் சொன்னாவ, எஸ்தர் டீச்சர் சொன்னாவ என்றே கேட்டுக் காது புளித்திருந்தது. நானும் பி.எஸ்சி. கணக்கு படிக்கப் போனவன்தான். அப்பா படுத்ததால் பாதியில் வர வேண்டியதாயிற்று.

ஜூன் 11

149. டீக்கடையில் வெறும் டீ.

மைக்செட் கனியப்பன் கேட்டான். "வே, உம்ம வீட்டம்மா ஆபீசர் ஆயிட்டாவன்னா கடைல ஆரு இருப்பா? நீரு தனியா அண்டாவக் கட்டிக்கிட்டு அழ வேண்டியதுதான்." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இதில் கோபப்பட ஒன்றுமில்லை.

ஆனாலும் ஒன்றை இங்கே எழுதலாம். யார் எந்த அண்டாவை எடுத்தார்கள், எதன் காது நசுங்கி வந்தது, எந்த ஜல்லிக்கரண்டி யார் வீட்டில் தங்கிவிட்டது, இதெல்லாம் ஆவுடையின் தலையில்தான் இருக்கிறது. மூன்று மணிக்கு அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிறகுதான் கடை கடையாக இருக்கும். அமைப்பாளர் என்றால் கூட்டம், பதிவேடு, ஒன்றிய அலுவலகம். வேறு ஊருக்கு மாற்றினாலும் மாற்றுவார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

171. யாரோ வீட்டு விசேஷத்து லட்டு. ஒன்றுதான்.

ஆவுடை டீச்சரிடம் எங்கள் முதல் நாள் சங்கதியைச் சொல்லியிருக்கிறாள். டீச்சர் சிரித்தாராம். "உங்க கடைக்கு அது சரி. கணக்குல முதல் நாள் அடக்கம்னு எழுதியிருக்கா? எழுதாததை நாம சேர்க்கக் கூடாதும்மா" என்றாராம்.

"இப்ப எதுங்க எழுத?" என்று கேட்டாள். நான் அப்போது லோடு ஆட்டோவிலிருந்து நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தேன். முதுகு வேர்வையில் நனைந்திருந்தது.

"இருவத்தொரு வருசமா இந்தக் கடைல இருக்க. வாடகைன்னா என்னன்னு ஒனக்கு இன்னொருத்தி சொல்லித் தரணுமா? கேள்வி எழுதுனவன் கடை கண்ணிக்குப் போகாமலா எழுதியிருப்பான்? நான் பி.எஸ்சி. படிச்சவன் சொல்லுதேன்" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, எதிர்க்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவள் நோட்டில் டீச்சர் போட்டதை அடித்துவிட்டு, நான் போட்டதை மறுபடியும் அழகாக எழுதினாள். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

இந்த ஒரு குணம் பிடித்துப்போய்த்தான் அம்மா இவளை எனக்குக் கட்டிவைத்தாள். பெண் பார்த்துவிட்டு வந்த அன்று, "பிள்ள ரொம்ப அடக்கம்" என்றாள். எங்கள் கடைப் பாஷையில் அதற்கு வேறு அர்த்தம், தனியாகக் காசு கிடையாது, சேர்ந்தே வரும் என்று. அன்றைக்கு அப்பா அதைச் சொல்லித்தான் கேலி செய்தார்.

ஜூன் 19

155. கேழ்வரகு தோசை இரண்டு.

ஆவுடை காலையில் சோறு வடித்துக்கொண்டே சூத்திரம் சொல்லிப் பார்க்கிறாள். சாய்வு, வெட்டுத்துண்டு என்று என்னென்னவோ. வெட்டுத்துண்டு என்றால் மீன் துண்டா என்று கேட்டேன். கரண்டியைக் காட்டி மிரட்டினாள்.

ஜூன் 25

158.

ஆவுடை பள்ளிக்கூடம் போன பிறகு அவள் கணக்குக் கையேட்டை எடுத்துப் புரட்டினேன். சும்மாதான். கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் விடைகள் போட்டிருக்கிறார்கள். இப்படிப் பொடியாக அச்சடித்தால் யாருக்குக் கண் தெரியும்? கண்ணாடி மாற்ற வேண்டும். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஜூன் 26

162. இன்று பேச நேரம் கிடைக்கவில்லை. இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து.

ஜூன் 27

பார்க்கவில்லை. சுகர் பார்க்கிற குச்சி தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஜூன் 28

177. கையேடுகளில் அச்சுப்பிழை சகஜம். எட்டாம் வகுப்பில் எங்கள் வாத்தியாரே சொல்லியிருக்கிறார்.

ஜூன் 30

180. ஆவுடை கேட்டாள், "என்னங்க ஒரு மாதிரியா இருக்கீங்க? சுகர் கூடிட்டா?" ஆமாம் என்றேன். ராத்திரிச் சாப்பாட்டில் எனக்குச் சோற்றைக் குறைத்து, சுண்டல் அவித்து வைத்தாள். அவளுக்குப் படிக்க இரண்டு நாள்தான் இருக்கிறது, அதில் ஒரு மணி நேரம் எனக்குச் சுண்டல் அவிக்கப் போயிற்று.

ஜூலை 2

184. நாளை பரீட்சை. இன்று பேசிக் குழப்பினால் படித்ததும் மறந்துபோகும் என்று விட்டுவிட்டேன். கடைசி நேரத்தில் குழப்பக் கூடாது என்று எல்லோரும் சொல்வதுதான்.

ஜூலை 3

நான்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டேன். பள்ளிக்கூட வாசலில் பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகள். நடுவில் இவள், நீலச் சேலை, கையில் ஸ்கேல், இரண்டு பேனா. ஒரு பெண் இவளைப் பார்த்து, "டீச்சர், எந்த ரூம்?" என்று கேட்டது. ஆவுடை என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என்னால் கலந்துகொள்ள முடியவில்லை. "பாத்து எழுது" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேலும் ஒரு வாக்கியம் இருந்தது. மணி அடித்துவிட்டார்கள்.

ஒன்றரை மணிக்கு வெளியே வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது.

"நம்ம வாடகைக் கணக்கு வந்துச்சுங்க! ரெண்டு மார்க். பந்தல் சாமான், அறுநூறு ரூவா, நாளொண்ணுக்கு நூத்தம்பது."

"எப்படிப் போட்ட?"

"நீங்க சொன்ன மாதிரிதான்."

வரும் வழியில் பைக்கை நிறுத்தச் சொல்லி, பேக்கரியில் எனக்குச் சர்க்கரை இல்லாத பிஸ்கட் வாங்கினாள். ஏன் என்று கேட்டதற்கு, "நீங்களும் எம்புட்டு நாளா என்கூடக் கெடந்து மாரடிக்கிதீங்க" என்றாள்.

சாயங்காலம் 214.

ஜூலை 7

190. ஒன்றுமில்லை.

ஜூலை 12

176.

ஆவுடையிடம் இந்த நாள்களில் நான் ரொம்ப அன்பாக இருக்கிறேன் என்று அவளே சொன்னாள். தண்ணீர்க்குடத்தை நான் தூக்குகிறேன், அண்டாக்களை நானே துலக்குகிறேன். "இப்படி இருந்தா வருசா வருசம் பரீட்சை எழுதலாம் போலயே" என்றாள்.

எழுத வேண்டிய ஒன்றை எழுதிவிடுகிறேன். அப்பா படுத்ததால் நான் காலேஜை விட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். அப்பா படுத்தது அதற்கு அடுத்த வருடம். முதல் செமஸ்டரில் மூன்று தாள், இரண்டாவதில் நான்கு. தோற்றுப்போய்த்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைச் சாவியை எடுத்துக் கையில் கொடுத்தார். அவர் இறந்த பிறகு கதையை மாற்றிக்கொள்வது சுலபமாக இருந்தது.

ஆவுடைக்கு நான் கணக்குப் புலி. கல்யாணமான புதிதில், நான் மனக்கணக்காக வாடகையைச் சொல்லும்போது அப்படியே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த வருடமே கேட்டாள், "நான் பத்தாவது பரீட்சை எழுதட்டுமா?" என்று. அடுத்த வருசம் பார்ப்போம் என்றேன். கல்யாணி பிறந்த பிறகும் கேட்டாள். அடுத்த வருசம். பத்து வருடம் கழித்து ஒரு தடவை கேட்டாள், அப்புறம் கேட்கவில்லை. போன வருடம் என்னிடம் கேட்காமலே பணத்தைக் கட்டிவிட்டு வந்து சொன்னாள்.

ஜூலை 21

169. ஆடி பிறந்துவிட்டது, கல்யாணம் கிடையாது. அன்னதானத்துக்கு மட்டும் அண்டா கேட்டு வருகிறார்கள். ஆவுடை விண்ணப்பப் படிவத்தை வாங்கி வந்து, மதிப்பெண் எழுதும் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் நிரப்பி, பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

ஜூலை 30

33.

ஆகஸ்ட் 1

முந்தாநாள் அந்த மார்க்குக்கு மேல் ஒன்றும் எழுத ஓடவில்லை. முடிவைக் கல்யாணிதான் அவள் போனில் பார்த்து, இங்கே கூப்பிட்டுச் சொன்னாள். ஆவுடை கடையில் இருந்தாள். "முப்பத்தி மூணா? சரிம்மா. நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தாள். அப்புறம் உள்ளே போய் அடுக்கியிருந்த தட்டுகளையெல்லாம் கீழே எடுத்துவைத்து, மறுபடியும் அடுக்கினாள். நானூறு தட்டு. நான் பக்கத்தில் போய் நின்றேன். "வேண்டாங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வாய்த்திருக்கும்.

கல்யாணி என்னிடம் தனியாகச் சொன்னாள். "அப்பா, ரெண்டு மார்க்குதான். விடைத்தாள் நகலுக்குப் போடுங்க. கூட்டல்ல தப்பு இருந்தாலும் இருக்கும். அம்மா இதுக்காக எம்புட்டு ஆசையா இருந்தான்னு ஒங்களுக்கே தெரியும்."

இரண்டு மார்க். எந்த இரண்டு என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நகலுக்குப் பணம் கட்டிவிட்டேன். கூட்டலில் தப்பு இருக்க வேண்டும் என்று கோமதியம்மன் சன்னதியில் நின்று வேண்டிக்கொண்டேன். திருத்தியவர் எங்கேயாவது ஒரு பக்கத்தை விட்டிருக்க வேண்டும். யாரோ முகம் தெரியாத ஒருவர் தப்புச் செய்திருக்க வேண்டும் என்று கும்பிட்டேன்.

ஆகஸ்ட் 6

ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம். ஊரே தெருவில் நிற்கிறது. எங்கள் அண்டா இருபத்தெட்டும் வெளியே போயிருக்கிறது. சுகர் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 12

193.

நகல் வந்துவிட்டது. பிரவுசிங் சென்டரில் அச்செடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வராமல் தெப்பக்குளத்துப் படியில் போய் உட்கார்ந்து பார்த்தேன்.

கூட்டலெல்லாம் சரி. இரண்டு தடவை கூட்டினேன், முப்பத்து மூன்றேதான். ஒரு பக்கம்கூட விடுபடவில்லை. வரைபடம் போட்டிருந்தாள், அதற்கு முழு மார்க். முக்கோணத்தில் பாதி. எவ்வளவு சுத்தமான தாள்! ஒவ்வொரு விடைக்கும் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறாள்.

ஏழாவது பக்கத்தில் அது இருந்தது. முதலில் y = 150x + 600 என்று எழுதியிருக்கிறாள். முத்து முத்தாக. பிறகு அதன் மேல் ஒரே ஒரு கோடு. அதையும் ஸ்கேல் வைத்துத்தான் போட்டிருக்கிறாள். அதற்குக் கீழே y = 150(x − 1) + 600. அதற்கும் கீழே, திருத்துகிறவருக்குப் புரியாமல் போய்விடுமோ என்று, அடைப்புக்குறிக்குள் "முதல் நாள் அடக்கம்". பக்கத்தில் திருத்தியவர் ஒரு சுழி போட்டிருக்கிறார்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, எழுதியும்விட்டு, அதற்குப் பிறகு என்னை நினைத்துக்கொண்டு அடித்திருக்கிறாள்.

எங்கள் கடையில் முதல் நாள் சும்மா கிடக்கும் பாத்திரத்துக்குக் காசு வாங்குவதில்லை என்று இத்தனை வருடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். அவளும் இந்த வீட்டில் அப்படித்தான் இருந்திருக்கிறாள், எல்லாவற்றிலும் அடக்கமாக, எதற்கும் தனியாகக் கணக்கு வைக்காமல். படியில் உட்கார்ந்து அழுதேன். நாற்பத்தேழு வயது ஆள் அழுவதை ஒரு கிழவர் நின்று பார்த்துவிட்டு, "யாரு தவறிட்டா?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன்.

ஆகஸ்ட் 13

188. நகல் வந்ததா என்று கேட்டாள். வந்தது, கூட்டலெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றேன். கொடுங்க பார்ப்போம் என்றாள். கடையில் வைத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். சட்டைப்பைக்குள்தான் இருந்தது.

இதுவும் ஒரு நாள் ஆயிற்று.

ஆகஸ்ட் 14

சுகர் பார்க்கவில்லை.

இன்றோடு விண்ணப்பத் தேதி முடிகிறது. மத்தியானம் மூன்று மணிக்கு ஆவுடை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. நகலை எடுத்து அவள் மடியில் வைத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். ஏழாவது பக்கத்தில் நின்றாள்.

"இது போயிருக்கு" என்றாள். "அதுதான் ரெண்டு மார்க்கு."

அடித்த கோட்டின் மேல் விரலை ஓட்டினாள்.

"நானே அடிச்சேன். மொதல்ல டீச்சர் சொன்னதைத்தான் எழுதினேன். அப்புறம் யோசிச்சேன், நீங்க அன்னைக்கு அவ்வளவு உறுதியாச் சொன்னீங்க, காலேஜ் படிச்ச மனுசன் தெரியாமலா சொல்லுவாருன்னு." என் முகத்தைப் பார்த்தவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "விடுங்க. நீங்களும் நல்லதுக்குத்தானே சொன்னீங்க. கடை வழக்கத்தை நெனச்சுச் சொன்னது. தெரிஞ்சா செஞ்சீங்க?"

அந்த இடத்தில் தலையை ஆட்டியிருந்தால் போதும். அவள் என்னை மன்னித்து முடித்துவிட்டாள். நான் சும்மா இருந்தாலே போதும்.

"தெரியும்ளா" என்றேன்.

"என்னது?"

"புஸ்தகத்துல டீச்சர் சொன்ன விடைதான் இருக்கு. கடைசிப் பக்கத்துல. நான் பாத்தேன்."

"ரிசல்ட்டுக்குப் பெறவா?"

"முன்னாடியே. பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கையில."

நகலை மடித்து வைத்தாள். மடித்ததை மறுபடியும் விரித்தாள். நான் காலேஜில் தோற்றதையும் சொன்னேன், கனியப்பன் கேலி செய்ததையும் சொன்னேன், நீ பெரிய ஆளாகிப் போய்விடுவாய் என்று பயந்தேன் என்றும் சொன்னேன். எதற்கும் அவள் நிமிரவில்லை. விரல் விட்டு எண்ணினாள்.

"எட்டு நாள்."

"ஆவுடை..."

"எட்டு நாளும் எங்கூடத்தான் ஒக்காந்து சாப்பிட்டீங்க. சுகர் கூடிட்டுன்னு நான் சுண்டல் அவிச்சுத் தந்தேன். அன்னைக்கு பைக்குல கொண்டுபோய் விட்டீங்க. எறங்கையிலகூட சொல்லியிருக்கலாம். வாசல்ல நிண்ணு ஒரு வார்த்தை. ஓடுத பஸ்ஸுக்குள்ள இருந்து கத்துனாக்கூட கேட்டிருக்குமே எனக்கு."

"நான் வேணும்னு..."

"படிப்புல தோக்கது ஒரு தப்பாங்க? நானுந்தான் தோத்திருக்கேன். எங்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு பேருமாச் சேந்தே படிச்சிருக்கலாம்."

அவ்வளவுதான். எழுந்துபோய் அடுப்பு வாடகைக்குக் கேட்டு வந்தவருக்குப் பதில் சொன்னாள். "முதநாள் அடக்கம் அண்ணாச்சி" என்று வழக்கம்போலத்தான் சொன்னாள். நான் ஐந்து மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விண்ணப்பம் வாங்குகிற அலுவலகத்தை அடைத்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

165. ஆவுடை எஸ்தர் டீச்சர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அடுத்த பரீட்சைக்குப் படிக்கப் போகிறாளாம். "இனிமே வேலை கெடைக்காதே" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "வேலைக்கு இல்ல" என்றாள். படிக்கிற நோட்டை இப்போது கடைக்குக் கொண்டுவருவதில்லை.

ஆகஸ்ட் 22

159. ஆவுடை என் மேல் கோபமாக இருக்கிறாளா என்று கல்யாணி போனில் கேட்டாள். இல்லை. சோறு போடுகிறாள், மாத்திரையை எடுத்து வைக்கிறாள், பேசுகிறாள். ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் மன்னிப்புக் கேட்டேன், மூன்று தடவை. மூன்று தடவையும் "சரிங்க" என்றாள்.

ஆகஸ்ட் 28

161. இட்லி இரண்டு.

ஆவணி முகூர்த்தம் ஆரம்பித்துவிட்டது. மத்தியானத்துக்கு மேல் வடக்கு ரத வீதியிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர் லோடு ஆட்டோவோடு வந்திருந்தார். நான் சாமான்களை ஏற்றினேன். ஆவுடை மேசையில் கடை வாடகை நோட்டை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தாள். கடையில் எங்கள் பழக்கம், நான் ஏற்றி முடித்துச் சத்தமாகச் சொல்வேன், அவள் தலை நிமிராமல் எழுதிக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

"பெரிய அண்டா ஆறு, தேக்சா நாலு" என்றேன்.

பேனாவை மூடி வைத்தாள். எழுந்து வந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு லோடு ஆட்டோவின் பின்பக்கம் ஏறி, ஒவ்வொரு அண்டாவாக விளிம்பைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். உதடு அசைந்தது. ஒன்றுக்குள் ஒன்று அடுக்கியிருந்ததையும் தூக்கிப் பார்த்தாள்.

கல்யாண வீட்டுக்காரர் சிரித்தார். "என்னக்கா, அண்ணாச்சி எண்ணுனது போதாதா?"

"இல்லண்ணே, நானும் ஒருக்கா பாத்துக்கிடுதேன்" என்றாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. இறங்கிப் போய் நோட்டில் எழுதினாள்.

அண்டா ஆறுதான் இருந்தது. நான் சரியாகத்தான் சொல்லியிருந்தேன்.